சொன்ன ஆள் இல்லாத வாக்கியம்

அவர் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி நான் பார்த்ததில்லை. அகராதி வேலை பார்க்கிறவர்களில் இது வினோதம். மற்றவர்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதி முடித்ததும், அதற்கு ஓர் உதாரணத்தை உட்கார்ந்த இடத்திலேயே உண்டாக்கிப் போட்டுவிடுவார்கள். அவர் மாட்டார். யாரோ ஒருவர் எங்கேயோ இன்னொருவரிடம் நிஜமாகவே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதை அவர் தன் காதால் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்லிப் வெளியே வரும். போஸ்ட் கார்டில் பாதி அளவு. இடது மூலையில் தேதி, வலது மூலையில் இடம், நடுவில் வாக்கியம், கீழே சொன்னவர், கேட்டவர். பெயர் எழுதமாட்டார். 'வங்கி மேனேஜர், ஐம்பது வயதிருக்கும். கேட்டவர்: கிளார்க்' என்று இருக்கும், அவ்வளவுதான்.

"சொன்ன ஆள் இல்லாத வாக்கியம் பொய். அதை அச்சடிச்சா அச்சடிச்ச பொய்," என்பார்.

1995 சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், கிள்ளிப்பாலத்துக்கு அருகில் ஒரு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, ஓர் அறக்கட்டளை ஆங்கிலம்-தமிழ்-மலையாளம் மும்மொழி அகராதி வேலையைத் தொடங்கியது. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஆங்கில எழுத்துகளைப் பங்கிட்டபோது தமிழ்ப் பகுதியில் அவருக்கு விழுந்தது 'கே'. சின்ன எழுத்து. உதைப்பது, கொல்வது, முழந்தாளிடுவது, அறிவது எல்லாம் 1996 முடிவதற்குள் தீர்ந்தன. ஒரே ஒரு வினைச்சொல் மிச்சம் நின்றது. கீப்.

படித்தவர் படிக்காதவர் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். அதனாலேயே அவரால் அதை முடிக்க முடியவில்லை. கையில் வைத்திருப்பது ஒரு பொருள். காப்பது வேறு. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, கணக்கு எழுதுவது, ஆட்டையோ கோழியையோ வளர்ப்பது, ஒருவரை ஒரு நிலையில் இருத்துவது, விடாமல் ஒன்றைச் செய்துகொண்டே இருப்பது, ஒரு செய்தியை ஒருவரிடமிருந்து மறைப்பது என்று இருபத்துமூன்றாகப் பிரித்திருந்தார். பொருள் ஒன்றுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் பூத்தொடுக்கும் நூலால் கட்டி, மேலே ஓர் அட்டையில் அதன் பொருளைத் தமிழில் எழுதி, பெரிய பிஸ்கட் டின்னில் நிறுத்தி வைத்திருப்பார். ஸ்லிப்பில் பொருளைக் குறிக்கும் வழக்கம் இல்லை. மேலட்டையில் மட்டும்தான்.

அந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறக்கட்டளைச் செயலாளருக்கும் அவருக்கும் ஒரு நாள் வாக்குவாதம் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'கேப்பன்' என்று இருந்திருக்கிறது. கண் வைத்திருப்பது, கவனித்திருப்பது என்பதுதான் அன்றைய பொருள்களில் முக்கியமானது. அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் நிச்சயமில்லை. கொடுப்பது, பிடிப்பது போன்ற மற்ற வினைச்சொற்களுக்கெல்லாம் ஜெர்மனிலும் டச்சிலும் உறவுக்காரச் சொற்கள் உண்டு. இதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"தாயாதி பங்காளி ஒருத்தரும் இல்லாத சொல்," என்றார் அவர். "பிறப்பு தெரியாதுன்னு போட்டுடுங்கோ."

"அது நன்றாக இருக்காதே. ஏதாவது ஓர் ஊகமாவது எழுதக்கூடாதா?" என்றார் செயலாளர்.

"தெரியாததுக்கு ஒரு கதை கட்டணுமா? தெரியாதுன்னா தெரியாது. மதி, போதும்."

மலையாளப் பகுதியில் சுகுமாரன் என்று ஒருவர் இருந்தார். நம் பக்கத்தில் 'கீப்' என்றால் வைப்பாட்டி என்று ஒரு பேச்சு உண்டே, அதை வைத்துத் தினமும் காலையில் ஆரம்பிப்பார். "சாரே, கீப்பினு சுகம் தன்னே?" கீப் சௌக்கியம்தானா என்று.

இவர் முகத்தில் சிரிப்பே வராது. "அந்த அர்த்தம் பத்தொன்பதாவது கட்டு. நீ இப்பச் சொன்னது அதுல எட்டாவது ஸ்லிப்," என்று எழுதிக்கொள்வார்.

வலியசாலையில் அவர் வீட்டிலும் அதே கிண்டல்தான். டைப் அடிக்க வேண்டிய தாள்களை வாங்க நான் வாரம் ஒருமுறை போவேன். மாமி கதவைத் திறந்ததும், "வாங்கோ. இன்னிக்கு ரெண்டாந்தாரத்தை ஆபீஸ்லயே விட்டுட்டு வந்துட்டாரா, இல்லை டின்னோட கூட்டிண்டு வந்திருக்காரா?" என்பார். குழந்தை இல்லாத வீடு. மாமியின் பேச்சுதான் அந்த வீட்டின் சத்தம்.

பொன்முடிக்குப் போன கதையை எனக்குச் சொன்னதும் மாமிதான். கோழி வளர்ப்பது என்ற பொருளுக்கு அவரிடம் ஸ்லிப் இல்லை. இந்த ஊரில் கோழி வளர்க்கிறவர்கள் அதை ஆங்கிலத்தில் சொல்வதில்லை. பொன்முடி எஸ்டேட் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்தியக் கிழவி தனியாகக் கோழிகளோடு இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, 1997 ஜனவரியில் காலை பஸ் பிடித்துப் போய்விட்டார். கேட்டு வாங்கக் கூடாது, தானாக வர வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. அந்த அம்மாள் டீ கொடுத்தாள். இறந்த புருஷனைப் பற்றிப் பேசினாள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். கோழிகளைப் பற்றியும் பேசினாள், ஆனால் அந்த வினைச்சொல் மட்டும் வரவில்லை. திரும்பும் பஸ் போய்விட்டது. இவர் எழுந்து வாசலுக்கு வந்த பிறகுதான் பின்னாலிருந்து சொன்னாளாம்: 'ஐ கீப் தெம் ஃபார் கம்பெனி, நாட் ஃபார் எக்ஸ்.' முட்டைக்காக இல்லை, துணைக்காக வளர்க்கிறேன்.

"கொண்டை ஊசி வளைவெல்லாம் நடந்தே இறங்கி, பாதி வழியில ஒரு ஜீப்ல ஏறி வந்து நிக்கறார். கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. மூஞ்சியைப் பார்த்தா கல்யாண மாப்பிள்ளை," என்று மாமி சிரித்தார். அவர் தலை குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தச் சாப்பாட்டு வேளையை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது.

1997 நவம்பரில் மாமிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மலையாளத்தில்தான் ஆரம்பிப்பார்கள். மாமி பிறந்து வளர்ந்தது இந்த ஊரில், பள்ளிக்கூடம் படித்தது மலையாளத்தில். ஆங்கிலம் மட்டும்தான் வராது. இவர் குறுக்கே புகுந்து பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவார்.

"மலையாளத்துல பேசினா எனக்கும் புரியும். இவர் விட்டால்தானே? என் வயித்துல கட்டி வந்தது இவருக்கு ஸ்லிப்புக்கு ஆச்சு," என்று மாமி என்னிடம் குறைப்பட்டார். அப்போதும் பாதி விளையாட்டாகத்தான். வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை அவர் தமிழில் எடுத்துச் சொல்வார். மாமி அதைத்தான் நம்பியிருந்தார்.

1998 பிப்ரவரியில் ஒரு நாள் மாமி தன் அக்காவைப் பற்றிப் பேசினார். அக்கா வீடு ஸ்ரீவராகத்தில். ஆட்டோவில் பத்து நிமிஷம்கூட ஆகாது. பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அக்கா மகள் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கப் போன மாமியின் கையிலிருந்து, பிள்ளை பெறாதவள் என்று சொல்லி யாரோ தட்டை வாங்கிவிட்டார்கள். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"போய்ப் பார்க்கணும். சின்ன வயசுல எனக்குத் தலை பின்னி விட்டவ அவ," என்றார் மாமி. "ஆனா இப்படிப் போக மாட்டேன். நோயாளியாப் போய் நின்னா பாவம் பார்த்துப் பேசுவா. அது எனக்கு வேண்டாம். குணமாகி, நல்ல புடவை கட்டிண்டு, என் காலாலே நடந்து போய் அவ வாசல்ல நிக்கணும். அப்ப என்ன சொல்றான்னு பார்க்கணும்."

"ஓணத்துக்குள்ள போயிடலாம்," என்றார் அவர்.

அப்போது மாமி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார். கோயில் வரைகூடப் போய் வருவார். மே மாதம் வாசலோடு நின்றது. ஜூலையில் கட்டிலை விட்டு இறங்க ஒருவர் பிடிக்க வேண்டும்.

ஜூலை 31க்குள் எல்லா எழுத்தும் கைக்கு வந்தாக வேண்டும் என்று செயலாளர் கடிதம் அனுப்பினார். ஸ்லிப்புகளுக்கு வரிசை எண் போட்டால்தான் டைப் அடிக்க முடியும் என்று என்னிடம் சொன்னார். ஜூலை 12, 13 தேதிகளில் அவர் மாமியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கு ஒரு பாரம் குறையட்டும் என்று நானே டின்னைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த வரிசை தேதி வரிசை ஒன்றுதான். கடிதமோ ரசீதோ எது வந்தாலும் தேதிப்படி அடுக்கியே பழகியவன். இருபத்துமூன்று கட்டுகளின் நூலையும் அவிழ்த்து, அறுநூற்றுச் சொச்சம் ஸ்லிப்புகளையும் கலந்து, 1995இலிருந்து வரிசையாக அடுக்கி எண் போட்டேன். மூன்று வருஷ உழைப்பைக் கலைக்கிறேன் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

அடுக்கும்போது படித்துக்கொண்டே போனேன். பஸ், வங்கி, தபாலாபீஸ், கோர்ட் வராந்தா, பொன்முடி. 1997 நவம்பருக்குப் பிறகு எல்லா ஸ்லிப்பின் வலது மூலையிலும் ஆஸ்பத்திரி. கையை நேராக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் ஒரு நர்ஸ். கேட்டவர்: என் மனைவி. ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஓர் அட்டெண்டர். கேட்டவர்: பக்கத்துக் கட்டில்காரரின் மகன். பிறகு 1998 மார்ச் 6. 'வீ கேன் ஒன்லி கீப் ஹெர் கம்ஃபர்ட்டபிள் நவ்.' சொன்னவர்: டாக்டர். கேட்டவர்: நான்.

அத்தனை ஸ்லிப்புகளில் 'நான்' என்று அவர் எழுதியிருந்தது அங்கேதான் முதல் தடவை. அடுத்தது மார்ச் 23. 'யூ கான்ட் கீப் இட் ஃப்ரம் ஹெர் ஃபார் எவர்.' சொன்னவர்: டாக்டர். கேட்டவர்: நான்.

அதற்குப் பிறகு ஸ்லிப் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் முழுவதும் ஒன்றுகூட இல்லை.

14ஆம் தேதி காலை அவர் வந்தார். நல்ல மழை. குடையை மூலையில் சாய்த்துவிட்டு மேஜையைப் பார்த்தார். அவிழ்த்த நூல்கள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. நான் எழுந்து நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கடைசியில் இருந்த இரண்டு ஸ்லிப்புகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நாலாவது கட்டு. இது பதினொண்ணாவது கட்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சது யாரு?"

"தேதி சார்," என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். சுகுமாரன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

"மாமிக்குத் தெரியுமா சார்?"

"அவகிட்ட நான் வேற சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"கட்டி கரைஞ்சிண்டு வரது. ஓணத்துக்குள்ள எழுந்து நடக்கலாம்."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"யாரும் சொல்லலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "ஒண்ணு சொன்னா அதுக்கு முட்டுக் குடுக்க இன்னொண்ணு வேண்டியிருக்கு. தினம் ஒண்ணு உண்டாக்கறேன். நன்னா வரது. இவ்வளவு நன்னா வரும்னு எனக்கே தெரியாது. அவ கேட்டுண்டு ஒரு கவளம் கூடச் சாப்பிடறா. நான் எப்படி நிறுத்தறது, நீ சொல்லு."

"அக்கா வீட்டுக்குப் போகணும்னு சொன்னாங்களே சார். குணமானப்புறம் போறேன்னாங்களே."

அவர் அந்த இரண்டு ஸ்லிப்புகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நீ என்னோட வா. தனியாப் போனா மறுபடியும் உண்டாக்கிடுவேன்," என்றார்.

ஜூலை 31 வந்தது, போனது. அந்த ஸ்லிப்புகளை அவர் திரும்பக் கட்டவே இல்லை. 2001இல் அகராதி வெளிவந்தபோது அந்த வினைச்சொல்லுக்குப் பதினோரு வரி இருந்தது. உதாரண வாக்கியங்களை வேறு யாரோ உட்கார்ந்த இடத்தில் எழுதியிருந்தார்கள். மாமி 1998 ஓணத்தைப் பார்க்கவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. நான் சொல்ல வந்தது 14ஆம் தேதியின் மிச்சத்தை.

வலியசாலைக்கு நடந்தே போனோம். மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொள்ள வந்திருந்த அடுத்த வீட்டுப் பெண்ணை அவர் கிளம்பச் சொன்னார்.

"என்ன, ரெண்டு பேருமா வந்திருக்கேள்? ஆபீஸை மூடிட்டாளா?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு ஸ்லிப்புகளையும் எடுத்தார். முன்னுரை எதுவும் இல்லை. தேதியை வாசித்தார், இடத்தை வாசித்தார், ஆங்கிலத்தில் இருந்ததை ஆங்கிலத்திலேயே வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"'இனிமே இவாளுக்கு வலி தெரியாமப் பார்த்துக்கறது மட்டும்தான் நம்மால முடியும்.' டாக்டர் எங்கிட்ட சொன்னது." அடுத்ததை எடுத்தார். "'என்னிக்கும் இதை இவாகிட்டேருந்து மறைச்சு வெச்சிண்டிருக்க முடியாது.' இதுவும் டாக்டர்தான். நான் உங்கிட்ட சொன்னதெல்லாம் டாக்டர் சொன்னதில்லை. நான் சொன்னது."

மாமி அழவில்லை. ஸ்லிப்பைக் கையில் வாங்கி, புரியாத எழுத்தை விட்டுவிட்டு, மூலையில் இருந்த எண்களை மட்டும் பார்த்தார்.

"மார்ச்சா?"

"ஆமாம்."

"மார்ச்சுல நான் கோயிலுக்கு நடந்து போயிண்டிருந்தேனே." குரல் உயரவே இல்லை. "நாலு மாசம். அதுல ரெண்டு மாசம் எங்கிட்ட கால் இருந்தது. அன்னிக்கே சொல்லியிருந்தா நடந்தே போயிருப்பேன். உங்களுக்கு என்ன, நீங்க வார்த்தையை வெச்சிண்டு உக்காந்திருந்தேள்."

மாமி ஸ்லிப்பை அவர் மடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஆட்டோ கூட்டிண்டு வாங்கோ. கொடியில அந்தப் பச்சைப் புடவை கிடக்கு பாருங்கோ, அதையும் எடுத்துக் குடுங்கோ."

போட்டிருந்த உடுப்பின்மேல் புடவையைச் சுற்றத்தான் முடிந்தது. மாமியை நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். எடை என்று ஒன்றும் இல்லை. ஆட்டோவில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் மாமியைத் தாங்கிக்கொண்டோம். ஸ்ரீவராகம் போய்ச் சேரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அக்கா வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரர் குடையோடு இறங்கி வந்தார். மே மாதமே சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாளாம், எப்போது வருவாள் என்று தெரியாதாம். உள்ளே போய் ஒரு காகிதத்தில் ஃபோன் நம்பர் எழுதிக்கொண்டு வந்தார்.

மாமி பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மே மாசம்," என்றார்.

தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி பூத். பலசரக்குக் கடையில் பாதியைத் தடுத்து, ஒரு மேஜையும் ஃபோனும் மீட்டரும் வைத்திருந்தார்கள். ஆட்டோவை அதன் வாசலை ஒட்டி நிறுத்தினோம். அவர் இறங்கிப் போய் நம்பரைச் சுழற்றினார். மழையின் இரைச்சலில் அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை தலையை ஆட்டினார். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். வெளியே வந்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"என்ன சொன்னா?" என்று கேட்டார் மாமி.

அவர் வாய் திறந்து மூடியது. அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் எத்தனை வாக்கியங்கள் தயாராகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா அழுதாள், அடுத்த ரயிலில் வருகிறாள், உன்னைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். எதுவும் நன்றாகவே வந்திருக்கும்.

"சொல்லுங்கோ."

"'பதினோரு வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் இருக்கேன்னு ஞாபகம் வந்துதா அவளுக்கு'ன்னா. நான் மேல சொல்றதுக்குள்ள வெச்சுட்டா."

மாமி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல மூச்சு விட்டார்.

"இது அக்காவேதான்," என்றார். "அவ குரல் அப்படியே வரது." ஈரமாக இருந்த அவர் கையைக் கம்பியிலிருந்து விலக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "திரும்பப் போடுங்கோ. நான் பேசறேன்."

பூத்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமலேயே சுருண்டு கிடந்த வயரை நீட்டி, ஃபோனை வாசல்படிவரை கொண்டுவந்து ஒரு ஸ்டூலில் வைத்தார். இவர் நம்பரைப் போட்டு, மணி அடிக்கும்போதே ரிசீவரை ஆட்டோவுக்குள் நீட்டினார். மாமியால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. இவரே காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அக்கா, நான்தான். வெச்சுடாதே."

அதற்கு மேல் மாமியால் பேச முடியவில்லை. மூச்சு வாங்கியது. அந்தப் பக்கமும் பேச்சில்லை. அவர் ஏதோ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். மாமி விரலை உயர்த்தி அவரைச் சும்மா இருக்கச் சொன்னார். நான் கடைக்குள் திரும்பிப் பார்த்தேன். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டு நொடி, முப்பத்தொன்பது, நாற்பது. அந்தப் பக்கம் இன்னும் வைக்கவில்லை.